வித்வான் விட்ட இடமும் நான் பிடித்த இடமும்

சும்மா இருப்பதே சுகம் என்று சுலபமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். எங்கள் பரம்பரையில் யாருக்கும் அந்தச் சுகம் கிட்டியதில்லை. எதிரில் இருப்பவர் பேச்சை நடுவில் நிறுத்தினால், மிச்சத்தை நாங்கள் சொல்லி முடித்த பிறகுதான் எங்களுக்கு மூச்சே வரும். (எதிராளிக்குத் தும்மல் வராமல் முட்டிக்கொண்டு நின்றால், அவருக்காக நாங்களே தும்மிவிடுவோம் என்று ஊரில் பேச்சு.)

இது குணக்கேடு இல்லை, தொழில்கேடு. என் அப்பா திருவள்ளூர் பெருமாள் கோயிலில் பாசுரம் சேவிக்கும் கோஷ்டியில் முதல் ஆள். கோஷ்டியில் ஒருவர் பாசுரத்தின் முதல் சொற்களை எடுப்பார். எடுத்துவிட்டு நிறுத்தி, மோவாயை லேசாகத் தூக்குவார். அந்த க்ஷணமே மற்றவர்கள் மிச்சத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நடுவில் இடைவெளி விழுந்தால், பெருமாளே பசியோடு எழுந்து போய்விட்ட மாதிரி அப்பா திரும்பிப் பார்ப்பார். சின்ன வயதில் நான் பிடிக்கத் தவறிய நாட்களில் எனக்குப் புளியோதரை கிடையாது. ஆகவே என் எதிரில் ஒரு மோவாய் மேலே போனால் என் வாய் தானாகத் திறக்கும். மூளையைக் கலந்து ஆலோசிக்கும் வழக்கம் அதற்கு இல்லை.

இப்படிப்பட்ட வாயை வைத்துக்கொண்டு, எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் ஒரு வார்ப்பட ஆலையில் ஸ்டோர்ஸ் கிளார்க்காகச் சேர்ந்தேன். பெரியபாளையத்தில் ஒரு பஸ், புதுவாயலில் ஒரு பஸ் என்று மாறிப் போக வேண்டும் என்பதால் அங்கேயே ஒரு அறை. சனி இரவு வீடு, திங்கள் காலை வேலை. ஆலையில் எனக்குப் பெயர் 'சாமி'. நெற்றியில் நாமம் இருப்பவனை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்?

உலையை நிறுவிக் கொடுக்க ஐரோப்பாவிலிருந்து ஒரு இன்ஜினீயர் வந்திருந்தார். பெயர் லூகாஸ். நாற்பது வயது, ஒண்டிக்கட்டை. ஷிப்ட் முடிந்ததும் பழவேற்காட்டில் வாங்கிய கட்டம் போட்ட லுங்கிக்கு மாறிவிடுவார் என்பதால், தொழிலாளர்கள் வைத்த பெயர் 'லுங்கி துரை'. கிரேன் ஓட்டும் ஏழுமலையிடம்தான் தமிழ் கற்றுக்கொண்டார். ஏழுமலை தனக்குத் தெரிந்த தமிழைத்தானே சொல்லிக்கொடுப்பான்? துரை ஒருநாள் ஜெனரல் மானேஜரைப் பார்த்து, "இன்னா நைனா, நாஷ்டா ஆச்சா?" என்று அன்போடு விசாரித்தார். அன்று முழுக்க மானேஜர் யாரிடமும் பேசவில்லை.

ஒருநாள் சாயங்காலம் ஏதோ கையெழுத்துக்காக கெஸ்ட் ஹவுசுக்குப் போனேன். கதவைத் திறந்த துரை, உதட்டில் விரலை வைத்து, நாற்காலியைக் காட்டினார். மேஜைமேல் ஸ்பூல் டேப் ரிக்கார்டர் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளிருந்து பியானோ. அதுவரை எனக்குப் பியானோ என்றால் சினிமாவில் பணக்கார வீட்டு மாடிப்படிக்குக் கீழே கிடக்கும் சாமான். கதாநாயகனுக்குக் காதல் கைகூடவில்லை என்றால் அதன்முன் போய் உட்காருவான். இது வேறு மாதிரி இருந்தது. யாரோ மிகவும் யோசித்து யோசித்துப் பேசுவது போல இருந்தது. திடீரென்று சத்தம் நின்றது. கரெண்ட் போய்விட்டதாக நினைத்து, உதவும் உள்ளத்தோடு எழுந்து பிளக்கை அசைத்தேன்.

"குந்து மேன்!" என்று துரை சீறினார்.

உட்கார்ந்தேன். டேப் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. எங்கேயோ ஒரு ஆள் இருமினார். எங்கேயோ ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு நான்கே நான்கு ஸ்வரங்கள், மேலிருந்து கீழே இறங்கி, முடிந்தது. கைதட்டல் இடி மாதிரி எழுந்தது.

துரை கதையைச் சொன்னார். வாசித்தவர் உலகப் பிரசித்தி பெற்ற வித்வான். (பெயரை எழுதினால் இன்றும் என்னோடு சண்டைக்கு வர ஆள் இருக்கிறார்கள். வித்வான் என்றே வைத்துக்கொள்வோம்.) ஸ்டுடியோவில் இசைத்தட்டுக்கு வாசிக்க மாட்டார். எதிரில் ஆள் இல்லாமல் வாசிப்பது, கண்ணாடியைப் பார்த்துத் தாலி கட்டுவது மாதிரி என்பது அவர் கட்சி. ஆகவே கச்சேரியில் நேரடியாகப் பதிவான டேப்புகள் மட்டும்தான் கிடைக்கும். அவற்றைச் சேர்க்கிற பைத்தியங்கள் பல தேசங்களில் இருந்தன. தபாலில் ஒருவருக்கொருவர் பிரதி அனுப்பிக்கொள்வார்கள். லுங்கி துரையிடம் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருந்தது. எல்லாம் ஒரே வித்வான். பாதிக்குமேல் அதே உருப்படிகள்.

"ஒரே பாட்டை எதுக்கு சார் இத்தனை தடவை?" என்று கேட்டேன். கேட்டது கோயிலில் தினமும் அதே பாசுரத்தைக் கேட்டு வளர்ந்த பிள்ளை!

பதிலுக்கு அவர் கடைசி உருப்படியை மட்டும் வேறு வேறு ஊர் டேப்பில் போட்டுக் காட்டினார். கடைசி நான்கு ஸ்வரத்துக்கு முன்னால் வித்வான் நிறுத்துவார். எல்லா ஊரிலும் நிறுத்துவார். ஆனால் எவ்வளவு நேரம் என்பது ஊருக்கு ஊர் வேறு. ஒரு ஊரில் சட்டென்று முடித்துவிட்டார். இன்னொன்றில் மௌனம் நீண்டு நீண்டு, ஒரு குழந்தை அம்மாவிடம் என்னவோ கேட்பதும் அவள் 'உஷ்' என்பதும்கூடப் பதிவாகியிருந்தது. அன்று ஏன் அவ்வளவு? ராத்திரி தூங்கவில்லையா? சாப்பாடு சரியில்லையா? யார் மேலாவது கோபமா? எனக்கு அந்தப் பித்து அங்கேயே பிடித்துக்கொண்டது.

அதன்பிறகு சாயங்காலமெல்லாம் கெஸ்ட் ஹவுஸ்தான். சில நாள் ஏழுமலையும் வருவான். எங்கள் மூவருக்கும் ஒரே சண்டை: அந்த மௌனத்தில் அந்த மனுஷர் என்னதான் செய்கிறார்? டேப்பில் அது மட்டும் தெரியாதே. கண்ணை மூடிப் பிரார்த்தனை செய்கிறார் என்பார் துரை. உள்ளங்கை வியர்வையைத் துடைக்கிறார் என்பேன் நான்.

"போ சாமி, மூக்கு சிந்துவாரு. ஜல்ப்பு புச்ச ஆளு, அவ்ளோ நேரம் குந்திக்கினு கீறாரே" என்பான் ஏழுமலை.

அந்த நான்கு ஸ்வரங்கள் மறக்காமலிருக்க, நான் மனசுக்குள் ஒரு சொல்லை மாட்டி வைத்திருந்தேன். நா, ரா, ய, ணா. கச்சிதமாகப் பொருந்தியது. டேப்பில் அந்த இடம் வரும்போதெல்லாம் உள்ளுக்குள் 'நாராயணா' என்று சொல்லிக்கொள்வேன். இதில் என்ன ஆபத்து இருக்க முடியும்?

அப்போதுதான் வித்வான் மதராசுக்கு வருகிறார் என்று செய்தி வந்தது. வயதாகிவிட்டது, இதுவே கடைசிச் சுற்றுப்பயணம் என்றார்கள். எந்த ஊருக்குப் போனாலும் ஒரு ஆலையில் தொழிலாளர்களுக்காக இனாமாக வாசிப்பது அவருக்கு ஒரு விரதம். துரை எங்கெங்கோ டிரங்கால் போட்டு, யார் யார் காலிலோ விழுந்து, அந்த ஆலை எங்கள் ஆலைதான் என்று முடித்துவிட்டார்.

அன்று அவர் என்னிடம் சொன்னது இப்போதும் நினைவிருக்கிறது. பெட்டி நிறைய டேப் இருக்கிறது, ஆனால் எல்லாம் மற்றவர்கள் எடுத்தது. அவர் அந்த வித்வானை நேரில் பார்த்ததே கிடையாது. ஒரு டேப்பாவது தானே எடுக்க வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. அடுத்த மாதம் அவர் ஊருக்குத் திரும்புகிறார். வித்வானுக்கோ இது கடைசிப் பயணம். இதை விட்டால் வேறு நாள் இல்லை. சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் கம்மியது. உயிரைக் கொடுத்தாவது இதை நடத்திக் காட்டுகிறேன் என்று சபதம் எடுத்தேன். (உயிரைக் கேட்டிருந்தால் பரவாயில்லை. வாயை மூடு என்றல்லவா கேட்டார்கள்!)

பியானோ மதராசிலிருந்து லாரியில் வந்தது. கூட ஏழுமலை. இறக்கப் போனால் பெட்டியின் மேல் ஒரு சாமந்தி மாலை கிடக்கிறது.

"இது என்னடா ஏழுமலை?"

"புதுவாயல்ல டீ குட்ச்சோம் சாமி. ஜனம் சுத்தி நின்னுக்கினு, 'யாருப்பா பூட்டாங்க, எந்த ஊரு பாடி'ன்னு கேக்குது. நான் இன்னா சொல்றதுன்னு முழிக்கறதுக்குள்ள ஒரு பூக்காரம்மா மாலைய போட்டு, ரெண்டு சொட்டு கண்ணீரும் வுட்டுச்சு. அத்த எப்டி கயட்டறது, பாவம்."

கச்சேரி காண்டீனில். புரட்டாசி சனிக்கிழமை சாயங்காலம். அமைதிக்குப் பொறுப்பு நான். இந்த ஒரு விஷயத்தில் நான் காட்டிய திறமையை வரலாறு மறந்துவிட்டது. ஆலைச் சங்கு ஊதக்கூடாது என்று அதன் கயிற்றையே கழற்றி வைத்தேன். காண்டீன் பாத்திரங்களைக் கழுவாமல் பூட்டினேன். ஓடும் மின்விசிறிகளில் முனகியவற்றை நிறுத்தினேன். சூளூர்ப்பேட்டை ரயில் போகும் நேரம் பார்த்து நிகழ்ச்சியைத் தள்ளி வைத்தேன். வாசல் வேப்பமரத்தடியில் ஏழுமலையைக் கவணோடு நிறுத்தி, "ஒரு காக்கா வாயைத் திறக்கக் கூடாது" என்று கட்டளையிட்டேன்.

துரை மரியாதை நிமித்தம் முன்வரிசையில் மானேஜர் பக்கத்தில் உட்கார வேண்டியிருந்தது. ஆகவே டேப் ரிக்கார்டரை மேடை ஓரத்தில் வைத்து, ஓட்டுகிற பொறுப்பை என்னிடம் கொடுத்தார். மைக்கை நிறுத்த ஒரு ஸ்டாண்ட் வாடகைக்கு வந்திருந்தது. அது களைத்துப்போன ஆள் மாதிரி மெல்ல மெல்ல உட்கார்ந்துகொண்டே போனது. கடைசியில் மைக்கை நானே கையில் பிடித்து, நெஞ்சோரம் வைத்துக்கொண்டு நின்றேன்.

"சாமி, மூச்சுகூட மெல்ல வுடு" என்று காதில் சொல்லிவிட்டுப் போனார் துரை.

வித்வான் வந்தார். ஒல்லியாக, வெள்ளைத் தலையோடு, பஸ்ஸில் பார்த்தால் ஓய்வுபெற்ற தாசில்தார் என்று நினைக்கும்படி இருந்தார். பியானோவில் மிச்சமிருந்த ஒரு சாமந்தி இதழை எடுத்துப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வாசித்தார். பெஞ்சுகளில் எங்கள் ஆட்கள், புரட்டாசி விரதக்காரர்கள் பலபேர் நெற்றி நிறைய நாமத்தோடு, அசையாமல் கேட்டார்கள். எனக்குக் கேட்கக்கூடத் தோன்றவில்லை. என் கண்ணெல்லாம் அவர் கையில், முகத்தில். கடைசி உருப்படி வந்தது. இதோ, இதோ அந்த இடம். உலகத்தில் உள்ள பைத்தியங்கள் எல்லாம் டேப்பில் காதை வைத்துத் தேடிய ரகசியத்தை நான் கண்ணால் பார்க்கப் போகிறேன்.

நிறுத்தினார்.

கண்ணை மூடவில்லை. வியர்வையைத் துடைக்கவில்லை. மூக்கும் சிந்தவில்லை. கையை மடியில் வைத்தார். மெதுவாக எங்கள் பக்கம் திரும்பினார். திரும்பி, மோவாயை லேசாகத் தூக்கினார்.

"நா ரா ய ணா!"

அந்தக் கணீர்க் குரல் யாருடையது என்று திரும்பிப் பார்க்க எனக்கே ஆசையாக இருந்தது. அதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு விரதக்காரர், "கோவிந்தா!" என்றார். ஒருவர் சொன்னால் மற்றவர்கள் விடுவார்களா? புரட்டாசி சனிக்கிழமை வேறு. காண்டீன் முழுக்க, "கோவிந்தா! கோவிந்தா!" என்று கூரையே எழும்பியது. வேப்பமரத்துக் காக்கைகள் மட்டும்தான் அன்று கட்டுப்பாட்டோடு நடந்துகொண்டன.

சத்தம் அடங்கும்வரை வித்வான் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு ஸ்வரங்களை இப்போதாவது வாசிப்பார் என்று துரை பாதி எழுந்து நின்றார். வித்வான் பியானோவை மூடினார். எழுந்து ஒரு கும்பிடு போட்டார். உள்ளே போய்விட்டார். டேப் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

நான் இட்லி அண்டாவுக்குப் பின்னால் ஒளிந்தேன். ஏழுமலை கவணைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து என்னைக் கண்டுபிடித்தான்.

"காக்காவ நான் பாத்துக்கினேன் சாமி. உன்ன யாரு பாத்துக்கறது?"

மானேஜர் அறைக்கு அழைப்பு வந்தது. வேலை போச்சு என்று போனேன். வித்வான் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஏன் பாடினாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். உடைந்த ஆங்கிலத்தில் கோஷ்டி, அப்பா, புளியோதரை எல்லாம் சொன்னேன். மோவாய் சமாசாரத்தைக் கேட்டதும் டீயை வைத்துவிட்டார். என்னைப் பார்த்து மோவாயைத் தூக்கினார்.

"நாராயணா!" என்றேன். என்ன செய்வது!

குழந்தைக்குப் புது பொம்மை கிடைத்த மாதிரி மறுபடியும் தூக்கினார். மறுபடியும் நாராயணா. மானேஜர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"அப்படியானால் தப்பு என்னுடையதுதான்" என்றார் வித்வான். "எத்தனையோ வருஷமாக ஊர் ஊராகப் போய் மோவாயைத் தூக்குகிறேன். இன்றைக்குத்தான் ஒருவன் பதில் சொன்னான்."

துரை கெஞ்சினார். அந்த நான்கு ஸ்வரங்களை மட்டும் இப்போது வாசித்தால் போதும், டேப்பில் ஒட்டிக்கொள்கிறேன் என்றார். வித்வான் அவர் தோளில் கை வைத்து, "அதுதான் சொல்லி முடித்தாகிவிட்டதே. முடிந்ததை மறுபடி எதற்கு முடிப்பது?" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

துரை என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டார். கழற்றி வைத்துவிட்டு, "நல்லா பதிஞ்சிகீது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "உன் கொரலு" என்றார். அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஒரு மனுஷரின் ஒரே ஆசையைக் கையில் வாங்கி, நாலே எழுத்தில் நாசமாக்கிவிட்டேனே! அதன்பிறகு கெஸ்ட் ஹவுசுக்கு அவர் கூப்பிடவில்லை. எனக்கும் போக முகமில்லை. சாயங்காலங்கள் வெறிச்சோடிப் போயின.

அவர் கிளம்புகிற நாள். கேட்டில் ஜீப் நின்றது. எல்லோரும் மாலை போட்டார்கள். நான் கடைசி ஆளாக நின்றேன். ஜீப்பில் ஏறி உட்கார்ந்தவர், திரும்பி என்னைப் பார்த்தார். பார்த்து, மோவாயைத் தூக்கினார்.

புத்தி வந்த நான், இரண்டு உதட்டையும் பல்லால் கடித்துக்கொண்டு நின்றேன்.

"இன்னா சாமி, இப்ப மட்டும் சும்மா கீற? பிடி!" என்றார் லுங்கி துரை.

பிடித்தேன். கும்மிடிப்பூண்டி முழுக்கக் கேட்கும்படி பிடித்தேன். ஏழுமலை கிரேன் மேலிருந்து "கோவிந்தா!" என்றான். துரை சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த டேப்பின் ஒரு பிரதியை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

அதைப் போட்டுக் கேட்க வீட்டில் மெஷின் ஏது? திருவள்ளூரில் மைக் செட் கடைக்கு அப்பாவை அழைத்துப்போய், நடந்ததையெல்லாம் சொல்லிப் போடச் சொன்னேன். அப்பா கண்ணை மூடி முழுக்கக் கேட்டார்.

"நீ பிடிச்சது சரிதாண்டா. அவர் நிறுத்தினா நீ பிடிக்க வேண்டியதுதான். ஆனா சுருதி ஒரு நூல் கம்மி" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தார்.

துரை வருஷப் பிறப்புக்கு வாழ்த்து அட்டை அனுப்புவார். சேர்க்கிறவர்கள் வட்டாரத்தில் எல்லோரும் தேடி அலைவது இந்த கும்மிடிப்பூண்டி டேப்பைத்தானாம். வித்வான் முடிக்காமல் எழுந்த ஒரே கச்சேரி. கடைசியில் பாடுவது ஒரு ஸ்டோர்ஸ் கிளார்க் என்று அவர் சொன்னால் ஒருத்தரும் நம்புவதில்லையாம். வயதான காலத்தில் வித்வானே பாடத் தொடங்கிவிட்டார் என்று அடித்துச் சொல்கிறார்களாம்.

இந்தச் சமாசாரம் எங்கள் வீட்டில் எடுபடவில்லை. எங்கள் வீட்டுக் கதை வேறு.

மறு வருஷம் பொன்னேரியில் எனக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண்ணைப் பாடச் சொன்னார்கள். நன்றாகத்தான் பாடிக்கொண்டு வந்தாள். கடைசி வரிக்கு முன்னால் தொண்டை வறண்டு நிறுத்தியவள், தண்ணீருக்காக அம்மாவைப் பார்த்து மோவாயைத் தூக்கினாள். என் வாய் திறந்தது. அதைவிட வேகமாக அப்பாவின் உள்ளங்கை வந்து என் வாயைப் பொத்தியது. மாப்பிள்ளைக்குப் பல்வலி என்று அவர்களாகவே முடிவு செய்து, கிராம்பு கொண்டுவந்து கொடுத்தார்கள். அதை மென்றுகொண்டே நிச்சயம் செய்துகொண்டேன்.

இத்தனை வருஷம் கழித்தும், விருந்தாளி யார் வந்தாலும், பேரன் பேத்தி யார் கேட்டாலும், என் மனைவி இந்தக் கதையை முதலிலிருந்து சொல்வாள். பியானோ, மாலை, காக்கா எதையும் விடமாட்டாள். முடிவுக்கு வந்ததும், "அன்னிக்கு மட்டும் எங்க மாமனார் இவர் வாயைப் பொத்தாம இருந்திருந்தா..." என்று நிறுத்துவாள். நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பி, மோவாயை லேசாகத் தூக்குவாள்.

"நீ தப்பிச்சிருப்பே" என்று நான்தான் சொல்லி முடிப்பேன்.